பின்னதிர்வு: முதன்மை நிலநடுக்கத்தின் பின் நிலத்தடியில் நடப்பது என்ன?

2012 ஏப்ரல் 11 பிற்பகல் இரண்டு மணி கடந்த சிறிது நேரத்தில், கொழும்பின் மாடிக் கட்டடங்களில் இருந்த பலர் நில அதிர்வை உணர்ந்து வெளியே வந்தனர். சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 பருமனுள்ள (பருமன் என்பது நிலநடுக்கத்தின் வலிமையைக் குறிக்கும் அளவு) நிலநடுக்கம் நிகழ்ந்திருந்தது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களின் பின் அதே கடற்பகுதியில் 8.2 பருமனுள்ள அதிர்வு ஏற்பட்டது. முதலாவது நிகழாதிருந்தால் அவ்வாண்டில் உலகின் மிகப்பெரிய நிலநடுக்கமாக இருந்திருக்கக்கூடிய இதை நில அதிர்வியலாளர்கள் பின்னதிர்வு என்றே வகைப்படுத்தினர்.

பின்னதிர்வு என்பது முதல் அதிர்வின் எச்சமன்று. தனக்கெனக் குவிமையம், அதாவது நிலத்தடியில் உடைவு தொடங்கும் இடம், உடைய புதிய பாறை உடைவு. முதன்மை நிலநடுக்கத்தில், பாறைகள் ஒன்றையொன்று உரசி நகரும் பிளவுப் பரப்பு முழுவதும் ஒரே அளவில் வழுக்குவதில்லை. சில பகுதிகள் சிக்கிக்கொண்டு நிற்க, வழுக்கிய பகுதி தாங்கியிருந்த தகைப்பு (பாறைக்குள் சேர்ந்திருக்கும் இறுக்கம்) அவற்றின் மீதும், பிளவின் முனைகளின் மீதும், அருகிலுள்ள சிறு பிளவுகளின் மீதும் ஏறுகிறது. ஏற்கெனவே உடையும் நிலையை நெருங்கியிருந்த இடங்கள் முதலில் உடைகின்றன. மற்றவை நாட்கள், மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கழித்து உடைகின்றன.

1894இல் ஜப்பானிய அறிஞர் ஒமோரி, பின்னதிர்வுகளின் எண்ணிக்கை காலத்துக்கு ஏறத்தாழ நேர்மாறாகக் குறைவதைக் கண்டறிந்தார். பத்தாம் நாளில் நிகழ்பவை முதல் நாளில் நிகழ்ந்தவற்றின் பத்தில் ஒரு பங்களவாக இருக்கும். இவ்விதியை விளங்கிக்கொள்ளும்போது மிகுந்த கவனம் தேவை. குறைவது எண்ணிக்கையே, பெரிய பின்னதிர்வு தாமதமாகவும் வரலாம். நியூசிலாந்தில் 2010 செப்டெம்பரில் நிகழ்ந்த 7.1 பருமனுள்ள நிலநடுக்கத்தில் நேரடியாக எவரும் நசுங்கி இறக்கவில்லை. ஐந்து மாதங்களின் பின், கிறைஸ்ட்சேர்ச் நகருக்கு மிக அருகே, ஆழம் குறைந்த இடத்தில் உண்டான அதன் பின்னதிர்வு 185 உயிர்களைப் பறித்தது. பருமன் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று கருதுவது எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எது முதன்மை, எது பின்னதிர்வு என்பதும் முன்கூட்டியே தெரியாது. 2011 மார்ச் 9 அன்று ஜப்பானை அதிரவைத்த 7.3 பருமனுள்ள நிலநடுக்கம், இரு நாட்களின் பின் 9.0 பருமனுள்ளது வந்ததும் முன்னதிர்வு ஆயிற்று. 2004 ஆழிப்பேரலையை எழுப்பிய உடைவின் தென்முனைக்கு அப்பால், மூன்று மாதங்கள் கழித்து 2005 மார்ச் 28 இரவு சுமாத்திராவுக்கு மேற்கேயுள்ள நியாஸ் தீவருகே 8.6 பருமனுள்ள நிலநடுக்கம் உண்டானது. முதல் உடைவு ஏற்றிய தகைப்பே அதைத் தூண்டியது என்றாலும், பிளவின் வேறொரு பகுதியே உடைந்ததால் பலர் அதைத் தனி நிலநடுக்கமாகவே கணிக்கின்றனர்.