கப்பலில் அடுத்த பயணத்துக்கு டெபாசிட் கட்டும் முன்

குரூஸ் கப்பல்களில், கரை ஒதுங்காத கடல் நாட்களில், நீச்சல் குளத்துக்கும் பஃபேக்கும் அடுத்தபடியாகக் கூட்டம் சேரும் இடம் ஒன்று உண்டு: அடுத்த பயணத்துக்கு முன்பதிவு செய்யும் மேசை. ராயல் கரீபியன் நிறுவனத்தில் அதற்கு நெக்ஸ்ட்குரூஸ் என்று பெயர், நார்வீஜியன் நிறுவனத்தில் குரூஸ்நெக்ஸ்ட். அங்கே சொல்லப்படும் சலுகைகள் பெரும்பாலும் உண்மையானவைதான். ஆனால் அவற்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் ஓராண்டு கழித்து எங்களிடம் கொண்டுவரும் சிக்கல்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வகை. தன் கையில் இருப்பது எந்த வகைப் பணம், அது எப்போது காலாவதியாகும், எங்கே செல்லாது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

பேச்சில் மூன்று வகைப் பணம் கலந்துவிடுகிறது. முதலாவது டெபாசிட். இது உங்கள் சொந்தப் பணம். அடுத்த பயணத்துக்கு முன்கூட்டிக் கட்டுவது. இரண்டாவது கப்பல் கிரெடிட், ஆன்போர்ட் கிரெடிட் என்பார்கள். இது கப்பல் நிறுவனமோ டிக்கெட் எடுத்துத் தரும் பயண ஏஜெண்டோ தருவது. கப்பலில் ஏறிய பிறகு அங்கே செலவழிப்பதற்கு. மூன்றாவது எதிர்காலப் பயண கிரெடிட். ரத்தான பயணத்துக்கு ஈடாகத் தரப்படும் இது, புதிய டிக்கெட்டின் கட்டணத்தில் கழியும்; மதுக்கடையிலோ ஸ்பாவிலோ செல்லாது. மேசையில் இருப்பவர் பொதுவாக "கிரெடிட்" என்றால், இந்த மூன்றில் எது என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

டெபாசிட்டில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, கப்பலும் தேதியும் முடிவாகாமல் கட்டுவது. பிரின்சஸ் நிறுவனத்தின் எதிர்கால டெபாசிட் இந்த வகை. ஆளுக்கு 100 டாலர் என்ற அளவில் நெடுங்காலமாக விற்று வருகிறார்கள். டிஸ்னி இதையே பிளேஸ்ஹோல்டர் என்கிறது: கேபினுக்கு 250 டாலர் கட்டி, 24 மாதங்களுக்குள் புக் செய்தால் பயணக் கட்டணத்தில் 10 சதவீதம் குறையும். சில பயணங்கள் சலுகைக்கு வெளியே இருக்கும் என்பதால், விலக்குப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

இந்த வகை டெபாசிட்டில் பலருக்குத் தவறிப் போவது, கப்பல் கிரெடிட் எப்போது வரும் என்பது. இன்று பணம் கட்டினால் இன்றே கிரெடிட் வராது. டெபாசிட்டை ஒரு புக்கிங்கோடு இணைத்த பிறகு, அந்தப் பயணத்தின் நீளத்தையும் கேபின் வகையையும் பொறுத்துத்தான் தொகை தீர்மானமாகும். நான்கு நாள் பயணத்துக்கும் பதினான்கு நாள் பயணத்துக்கும் ஒரே தொகை கிடைக்காது. மேசையில் காட்டும் பெரிய எண் நீளமான பயணத்துக்கோ விலையுயர்ந்த கேபினுக்கோ உரியதாக இருக்கலாம். கேபினில் முதல் இருவருக்கு மட்டும் தரும் நிறுவனங்களில், மூன்றாவது, நான்காவது ஆளாக வரும் பிள்ளைகள் பெயரில் டெபாசிட் வாங்கி வைத்தாலும் பயன் இருக்காது.

காலாவதித் தேதியிலும் ஒரு பிடி இருக்கிறது. அந்தத் தேதிக்குள் புக் செய்தால் போதுமா, அல்லது கப்பலே புறப்பட்டிருக்க வேண்டுமா? இரண்டும் வேறு வேறு. இரண்டாவது வகை என்றால், இரண்டாண்டு என்று எழுதியிருப்பது நடைமுறையில் ஒன்றரை ஆண்டுக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். நல்ல கேபின்கள் அவ்வளவு முன்பே விற்றுப்போகின்றன. பயன்படுத்தாத டெபாசிட் திரும்பி வரும் என்றாலும், நாமாகக் கேட்டால்தானா, தானாக வருமா என்று பார்க்க வேண்டும். பணம் கட்டிய அதே கார்டுக்குத்தான் வரும் என்றால், நடுவில் கார்டு மாறியிருந்தால் வங்கியோடு ஒரு இழுபறி. டாலர் அல்லாத கணக்கிலிருந்து கட்டியவருக்குத் திரும்பி வரும் நாளின் மாற்று விகிதமும் வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேர்ந்து, கட்டிய தொகை அப்படியே வராமல் போகலாம்.

இரண்டாவது முறை, குறிப்பிட்ட கப்பலையும் தேதியையும் அங்கேயே புக் செய்வது. கிரெடிட் அதிகம் கிடைப்பது பெரும்பாலும் இதில்தான். வம்பும் இதில்தான்.

காரணம், டெபாசிட்டைத் திரும்பப் பெற முடியாத வகைப் பயணக் கட்டணம். ராயல் கரீபியனில் இந்த வகைக் கட்டணம் விலை குறைவு. ஆனால் கப்பலையோ தேதியையோ மாற்றினால் ஆளுக்கு 100 டாலர் பிடிப்பார்கள். ரத்து செய்தால், ஆளுக்கு 100 கழித்து மீதி எதிர்காலப் பயண கிரெடிட்டாக வரும், பணமாக அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருவருக்கு ஏழு இரவுப் பயணம். திரும்பப் பெற முடியாத கட்டணம் 2,400 டாலர், திரும்பப் பெறக்கூடியது 2,600, மேசைச் சலுகையாகக் கிடைக்கும் கப்பல் கிரெடிட் 100 என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 250 வீதம் 500 டாலர் டெபாசிட் கட்டியாகிவிட்டது. தேதியை ஒருமுறை மாற்றினால் 200 டாலர் போகும். விலையில் மிச்சம் பிடித்தது அத்தனையும் அதிலேயே கரைந்துவிடும். ரத்து செய்தால் 500 டாலர் 300 ஆகச் சுருங்கி, அதுவும் கிரெடிட்டாகத்தான் வரும். விடுமுறை உறுதியாகத் தெரிந்தவருக்கு மலிவுக் கட்டணம் சரி. பிள்ளைகளின் தேர்வுத் தேதியோ மேலதிகாரியின் ஒப்புதலோ இன்னும் தெரியாதவர் 100 டாலர் கிரெடிட்டுக்காக இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

மேசையில் உட்காருமுன் ஊரில் இருக்கும் உங்கள் ஏஜெண்டுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில், கப்பலில் புக் செய்யும்போதே ஏஜெண்டின் பெயரைச் சொல்லி இணைக்கலாம். நிறுவனத்தின் சலுகையும் கிடைக்கும், ஏஜெண்ட் தன் பங்குக்குத் தரும் கிரெடிட்டோ முன்கட்டிய டிப்ஸோ கூடவே சேரும். பெயர் சொல்லாமல் நேரடியாகப் புக் செய்துவிட்டால், பிறகு ஏஜெண்டுக்கு மாற்ற ஒரு காலக்கெடு இருக்கும். முழுப் பணமும் கட்டிய பிறகு பெரும்பாலும் மாற்றவே முடியாது. மேசையில் இருப்பவரும் விற்பனைக்கு உட்கார்ந்திருப்பவர் என்பதை மறக்க வேண்டாம். கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் வேலை அது. கடைசி நாள் வரிசையில் நின்று அவசரமாகக் கையெழுத்துப் போடுவதைவிட, பயணத்தின் நடுவிலேயே நேரம் குறித்துக்கொண்டு போவது மேல். இணையத்தில் அதே பயணத்தின் விலை என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் அவகாசம் கிடைக்கும்.

புக் செய்த பிறகு விலை இறங்கினால் என்ன செய்வது? இறுதித் தவணைக்கு முன் பல நிறுவனங்கள் புதிய விலைக்கு மாற்றித் தரும். ராயல் கரீபியனில் அந்தத் தவணை, நான்கு இரவு வரையிலான பயணங்களுக்குப் புறப்பாட்டுக்கு 75 நாள் முன்பும், ஐந்து முதல் பதினான்கு இரவு வரையிலானவற்றுக்கு 90 நாள் முன்பும் வரும். ஆனால் புதிய விலை வேறொரு சலுகைத் திட்டத்தின் கீழ் வந்தால், பழைய கிரெடிட் உதிர்ந்துவிடலாம். 60 டாலர் விலை குறைந்தது என்று மகிழ்ந்து 100 டாலர் கிரெடிட்டை இழப்பதில் அர்த்தமில்லை. மாற்றும் முன், மாற்றிய பின் இரண்டு விலைப்பட்டியலையும் கேட்டு, கிரெடிட் வரியை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள்.

கப்பல் கிரெடிட் எங்கே கரையும்

கிரெடிட்டிலும் இரண்டு சாதி. திரும்பத் தரக்கூடியது, தராதது. முதல் வகையில் மிச்சம் இருந்தால் பயண முடிவில் கார்டுக்கோ கையிலோ வரும். இரண்டாவது வகை கடைசி இரவோடு முடிந்தது. அதிகம் வழங்கப்படுவதும் இதுதான். எந்தத் தொகை எந்த வகை என்று கப்பல் கணக்கில் ஏறிய முதல் நாளே பாருங்கள். நிறுவனத்தின் விளம்பரச் சலுகை, ஏஜெண்ட் தந்தது, பங்குதாரர் சலுகை, மேசை டெபாசிட்டில் வந்தது என்று நான்கு வழியில் வந்திருந்தால் கணக்கிலும் தனித்தனி வரியாக நான்கும் இருக்க வேண்டும். ஒரு வரி காணவில்லை என்றால் முதல் நாளிலேயே வாடிக்கையாளர் மேசையில் சொன்னால் சரியாகும். இறங்கிய பிறகு சொன்னால் மின்னஞ்சல் போக்குவரத்துதான்.

கேசினோவில் திரும்பத் தராத கிரெடிட் பெரும்பாலும் செல்லாது. கப்பல் ஏறும் முன் இணையத்தில் வாங்கும் மதுத் தொகுப்புக்கும் (ஒரே கட்டணத்தில் பானங்கள் தரும் திட்டம்) கரைச் சுற்றுலாக்களுக்கும் இது சில நிறுவனங்களில் கழியாது. ஆகவே, பெரிய கிரெடிட் காத்திருக்கிறது என்று தெரிந்தவர் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே பணம் கட்டி வாங்கிவிட்டால், கப்பலில் கிரெடிட்டைக் கரைக்க வழி இருக்காது.

இதில் பலர் தவறவிடுவது டிப்ஸ். தினசரி சேவைக் கட்டணம் தானாகக் கப்பல் கணக்கில் ஏறும். அதில் கிரெடிட் கழியும். ராயல் கரீபியனில் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 18.50 டாலர் என்றால், இருவருக்கு ஏழு நாளில் 259 டாலர். 200 டாலர் திரும்பத் தராத கிரெடிட் வைத்திருப்பவர் டிப்ஸை முன்கூட்டிக் கட்டாமல் விட்டாலே போதும். மொத்தமும் அதில் கழிந்துவிடும், நினைவுப் பொருள் கடையில் தேவையில்லாத டீ-ஷர்ட் தேட வேண்டியதில்லை. முன்கட்டியவர்தான் கடைசி மாலை கடை கடையாக அலைகிறார். துறைமுகத்தில் நிற்கும்போது கடைகள் மூடியிருக்கும் என்பதால், மிச்சக் கணக்கைக் கடைசிக்கு முந்தைய நாளே பார்த்துவிட வேண்டும்.

பங்குதாரர் சலுகையைப் பற்றி ஒரு சொல். கார்னிவல் குழுமத்தில் குறைந்தது 100 பங்கு வைத்திருப்பவருக்குக் கேபினுக்கு ஆறு நாள் வரையிலான பயணத்துக்கு 50 டாலர், 7 முதல் 13 நாளுக்கு 100, 14 நாளும் அதற்கு மேலும் 250 என்ற படிநிலை நெடுநாள் வழக்கம். தானாக வராது; பங்குக் கணக்கு அறிக்கையை இணைத்து ஒவ்வொரு பயணத்துக்கும் சில வாரம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இதற்காக மட்டும் பங்கு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம். பங்கு ஒரு நாளில் இறங்கும் தொகை இந்தக் கிரெடிட்டை விழுங்கிவிடும்.

எதிர்காலப் பயண கிரெடிட், 2020இல் கோவிட் ரத்துகளுக்கு ஈடாகப் பல நிறுவனங்களில் கட்டிய தொகையில் 125 சதவீதமாகக் கொடுக்கப்பட்டபோதுதான் பலருக்கு அறிமுகமானது. அது ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக வரும். கணவர் பெயரில் உள்ளதை மனைவி பயன்படுத்த முடியுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வரிக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் பல இடங்களில் செல்லாது. பெரிய தொகையைச் சின்னப் பயணத்தில் போட்டால், மீதி அடுத்த பயணத்துக்கு நிற்குமா, தொலையுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உறுப்பினர் நிலை

திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு நிறுவனங்கள் புள்ளி கொடுத்து, அவை சேரச் சேர உறுப்பினர் நிலையை உயர்த்தும். இந்தப் புள்ளிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு மாதிரி சேர்கின்றன. ராயல் கரீபியனில் இரவுக்கு ஒன்று, சூட் எனப்படும் பெரிய சொகுசு அறை என்றால் இரண்டு. கேபினில் தனியாக இருந்து இருமடங்குக் கட்டணம் கட்டுபவருக்கும் கூடுதல் புள்ளி உண்டு. செலிப்ரிட்டி, கேபின் வகைக்கு ஏற்ப இரவுக்கு இரண்டு, மூன்று என்று ஏற்றுகிறது. ஹாலண்ட் அமெரிக்கா, பயண நாட்களோடு கப்பலில் செய்யும் செலவையும் நாட்களாக மாற்றிச் சேர்க்கிறது. எம்எஸ்சியில் மூன்றாண்டு பயணமே செய்யாவிட்டால் உறுப்பினர் நிலை காலாவதியாகிவிடும்.

ராயல் கரீபியனின் டயமண்ட் நிலைக்கு 80 புள்ளி. சாதாரண கேபினில் ஏழு இரவுப் பயணம் பன்னிரண்டு. சூட்டில் ஆறே போதும். அந்த நிலையில் உறுதியான பலன், நாளுக்கு நான்கு பான வவுச்சர். பயண அட்டையிலேயே ஏறியிருக்கும், அன்றைக்குக் குடிக்காதது மறுநாளுக்கு வராது. கேபினில் இருவரும் டயமண்ட் என்றால் நாளுக்கு எட்டுப் பானம். இதைத் தெரியாமல் மதுத் தொகுப்பு வாங்குபவர் ஒன்றும் லாபம் பார்ப்பதில்லை. ஒருவர் மதுத் தொகுப்பு வாங்கினால் அதே கேபினில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும் என்பதால் செலவு இரட்டிப்பாகும். நாளுக்கு ஐந்தாறு பானத்துக்கு மேல் போகிறவருக்குத்தான் கணக்கு மாறும்.

புதிய நிலை, அதை எட்டிய பயணத்தின் நடுவில் அமலுக்கு வராது, அடுத்த பயணத்துக்குத்தான். அதனால் இன்னும் இரண்டு புள்ளி தேவைப்படுபவர், நீளமான பயணத்துக்கு முன் ஒரு சின்னப் பயணத்தைப் போடுவது உண்டு. நியாயமான தந்திரம்தான், விமானச் செலவு இல்லாதவருக்கு.

அடிக்கடி நடக்கும் கோளாறு, ஒரே ஆளுக்கு இரண்டு உறுப்பினர் எண்கள். ஒருமுறை இனிஷியலோடு, இன்னொருமுறை அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு. நம் பெயர்களில் இது எளிதில் நடந்துவிடும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே வடிவத்தில் வைத்து, இரண்டு கணக்கையும் இணைக்கச் சொல்லி எழுதுங்கள். பயணத்தின்போதே எண் புக்கிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பயணத்துக்குப் புள்ளி கேட்டு எழுத வேண்டியிருந்தால் இறுதிக் கணக்குச் சீட்டு ஆதாரமாகும். ராயல் கரீபியனில் ஒரே முகவரியில் வாழும் தம்பதிக்கு உயர்ந்தவரின் நிலை பொருந்தும், பிள்ளைகளுக்கும் பெற்றோரின் நிலை கிடைக்கும். அதற்கு முகவரி இருவர் கணக்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நிலைக்காகவே ஒரு நிறுவனத்தோடு கட்டுண்டு கிடப்பதில் ஒரு ஆபத்து: விதியை அவர்கள் நினைத்தபோது மாற்றலாம். கார்னிவல் 2025இல், பயண நாட்களைக் கணக்கிடும் முறையிலிருந்து செலவழித்த தொகையைக் கணக்கிடும் முறைக்குப் போகப்போவதாக அறிவித்தது. நாள் கணக்கை நம்பி மலிவான உள் கேபினில் நிறையப் பயணம் செய்தவர்களுக்கு அது நல்ல செய்தியாக இருக்கவில்லை.

மேசையை விட்டு எழும் முன் கையில் இருக்க வேண்டியவை: டெபாசிட்டின் எண், காலாவதித் தேதி, திரும்பப் பெற முடியுமா முடியாதா என்ற வரி, வாக்களிக்கப்பட்ட கிரெடிட் தொகையும் எந்தப் பயண நீளத்துக்கு என்பதும், ஏஜெண்டின் பெயர். இவை அச்சிட்ட உறுதிச் சீட்டில் இல்லை என்றால் அங்கேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மொபைலில் படம் எடுத்து வைத்தாலும் போதும். கப்பல் இணையத்தை நம்பி மின்னஞ்சல் வரும் என்று எழுந்துவிட வேண்டாம்.