வெயிலும் உறைபனியும் ஒரே மலையில்

வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. மணி பகல் ஒன்று, வெயிலில் கண் கூசுகிறது. ஆனாலும் மலைப்பாதையின் நிழல் பக்கத்தில் விடியற்காலையில் படிந்த உறைபனி இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது. மிதித்தால் நொறுநொறுவென்று உடைகிறது. இவ்வளவு வெயில் அடித்தும் ஏன் உருகவில்லை என்று கேட்கத் தோன்றும். பகலில் இந்த வெயிலைத் தடையில்லாமல் விட்ட அதே தெளிந்த வானம்தான் ராத்திரியில் அந்த உறைபனியையும் உண்டாக்கியது.

தரை இரவும் பகலும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அதுவும் தன் பங்குக்குக் கதிர்களைக் கீழே அனுப்பும். தரையின் இழப்பில் பெரும்பகுதி ஈடாகிவிடும். மேகமில்லாத வறண்ட இரவில் அந்த வரவு குறைந்துபோகிறது. குறிப்பாக 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளக் கதிர்களைத் தெளிந்த காற்று அதிகம் தடுப்பதில்லை. அவை நேராக விண்வெளிக்குப் போய்விடுகின்றன. காற்றும் அசையாமல் நின்றால் புல்நுனி, அதற்குச் சற்று மேலே இருக்கும் காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும். வானிலை நிலையங்கள் காற்றின் வெப்பநிலையைத் தரையிலிருந்து ஒன்றேகால் முதல் 2 மீட்டர் உயரத்தில் அளக்கின்றன. அங்கே 3 டிகிரி செல்சியஸ் என்று காட்டிய இரவிலும் புல்லில் உறைபனி படிந்திருக்கலாம். பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும் புல்லின்மீது படும் நீராவி, தண்ணீராக மாறாமலே நேரடியாகப் பனிப்படிகமாக ஒட்டிக்கொள்கிறது.

பனித்துளி மேலிருந்து விழுகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ், உயர்த்தி வைத்த ஒரு பலகையின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் கம்பளிப் பஞ்சை வைத்து, இரவில் எது எவ்வளவு ஈரமாகிறது என்று எடைபோட்டுப் பார்த்தார். வானத்தைப் பார்த்திருந்த பஞ்சில்தான் அதிகம் சேர்ந்தது. பொருள் முதலில் வானத்திடம் வெப்பத்தை இழக்கிறது, அப்புறம்தான் அதில் பனித்துளி படிகிறது என்று 1814இல் அவர் எழுதினார்.

சரி, விடிந்த பிறகு என்ன நடக்கிறது? குளிர்காலச் சூரியன் தாழ்வாக நிற்கிறது. 45 டிகிரி வட அட்சரேகையில், டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில், நண்பகலில்கூட அது அடிவானத்திலிருந்து சுமார் 21.6 டிகிரி உயரத்தைத்தான் எட்டும். அப்போது சமதரைக்கு, கதிருக்கு நேர் எதிராகத் திருப்பிவைத்த பலகைக்குக் கிடைக்கும் வெயிலில் ஏறக்குறைய 37 சதவீதம் கிடைக்கிறது. தெற்கு நோக்கி 20 டிகிரி சாய்ந்த சரிவுக்கு 66 சதவீதம். அதே அளவு வடக்கே சாய்ந்த சரிவுக்கு 3 சதவீதம்கூடத் தேறாது! ஒரே மலைதான், ஒரே மதியம்தான்; இரு பக்கங்களுக்கும் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். (தென் அரைக்கோளத்தில் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.) வந்து சேர்கிற அந்தக் கொஞ்ச வெயிலிலும் ஒரு பகுதியை வெண்மையான உறைபனி திருப்பி அனுப்பிவிடுகிறது. மிச்சத்தை உருகும் வேலை விழுங்குகிறது: பூஜ்ஜிய டிகிரியில் இருக்கும் 1 கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும், 1 கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கவும் ஏறத்தாழ அவ்வளவுதான் ஆகும்.

மலையில் ஏற ஏறக் குளிரும் என்பது பொதுவான கணக்கு. 100 மீட்டருக்குச் சுமார் 0.65 டிகிரி. அமைதியான உறைபனி நாட்களில் இது பெரும்பாலும் பொய்த்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. காலையில் அடிவாரம் விறைத்துக் கிடக்க, பாதி மலையில் குளிர் தணிந்திருக்கும். இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சுற்றிலும் மேடு சூழ்ந்த பீட்டர் சிங்க்ஸ் என்ற பள்ளம் இருக்கிறது. 1985 பிப்ரவரி 1 அன்று அங்கே பதிவானது மைனஸ் 56.3 டிகிரி.

இந்த நடையில் நான் குனிந்து பார்க்கச் சொல்வது பாதையோர ஈரமண்ணை. அங்கே ஊசி ஊசியாகப் பனிக்கட்டி முளைத்து, சின்னக் கற்களைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிவதால் மண் எழும்புகிறது என்று சொல்லிவிடுவது வழக்கம். சில சென்டிமீட்டர் நீள ஊசிக்கு அந்த விரிவு போதவே போதாது. ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1930 வாக்கில் இதை அழகாக உடைத்தார். உறையும்போது சுருங்கும் திரவமான பென்சீனை மண்ணில் ஊற்றி உறைய வைத்தார். அப்போதும் மண் எழும்பியது. உறையும் இடம் கீழேயுள்ள ஈரத்தை மண்ணின் நுண்துளைகள் வழியாகத் தன்னிடம் இழுக்கிறது. வந்து சேர்கிற நீர் அடியிலிருந்தே உறைந்து ஊசியை மேலே தள்ளுகிறது.

நடப்பவர்கள் கவனிக்க வேண்டியது மதியத்துக்குப் பிந்தைய நேரத்தை. சூரியன் மறைந்த பிறகுதான் தரை குளிரத் தொடங்கும் என்றில்லை. கிடைக்கும் வெயிலைவிட வெளியேறும் வெப்பம் எப்போது அதிகமாகிறதோ, அப்போதே தொடங்கிவிடும். தெளிந்த நாட்களில் அது சூரியன் மறைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே நடந்துவிடும். மலை நிழல் விழுந்த வளைவுகளில் இன்னும் சீக்கிரம். பகலில் உருகி வழிந்த நீர் அங்கே மறுபடி உறைகிறது. காலையில் இருந்த உறைபனி, எண்ணற்ற நுண்படிகங்களில் ஒளி சிதறியதால் வெள்ளையாகத் தெரிந்தது, சொரசொரப்பாகவும் இருந்தது. மீண்டும் உறைந்த நீரில் அந்தச் சிதறல் அதிகம் இருப்பதில்லை. கண்ணாடிபோலத் தெளிந்து, அடியிலிருக்கும் பாறையின் நிறத்திலேயே கிடக்கும். இறங்கும்போது வழுக்குவது பெரும்பாலும் அதில்தான்.