கேபிள் அறுந்தாலும் விம் பதில் சொல்லும்

2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அவ்வளவெல்லாம் வேண்டாம். ஆடிக்காற்றில் ஒரு கற்பூர மரம் கேபிள் மேல் சாய்ந்தாலே கோத்தகிரிப் பக்கம் இணையம் போய்விடும். வீட்டில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவர்கள், ஒன்றுமில்லாத சந்தேகத்துக்கெல்லாம் கூகுளிடம் ஓடியது அப்போதுதான் உறைக்கும். நிரலைத் தட்டவும் திருத்தவும் உதவும் விம் எடிட்டரில் வேலை செய்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. அதன் கையேடு முழுக்க கணினிக்குள்ளேயே இருக்கிறது.

நெதர்லாந்துக்காரரான பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்ட எடிட்டர் இது. விம்டியூட்டர் என்ற அரை மணி நேரப் பயிற்சியும் கூடவே வரும். அதை முடித்ததும் பழக வேண்டியது ஹெல்ப் கட்டளை. எஸ்கேப் அழுத்தி, : தட்டி, ஹெல்ப் என்று எழுதி, இடம் விட்டு, தேடும் பெயரைக் கொடுத்து என்டர் தட்டினால் திரை இரண்டாகப் பிரிந்து விளக்கம் வரும்.

சரி, அந்தப் பக்கத்தை விம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? உதவிப் பக்கங்கள் எல்லாமே வெறும் டெக்ஸ்ட் கோப்புகள்தான். ஒரு விஷயம் விளக்கப்படும் இடத்தில் அதன் பெயரை இரண்டு * குறிகளுக்கு நடுவே எழுதியிருப்பார்கள். எந்தப் பெயர் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே திரட்டி, டேக்ஸ் என்ற தனிக் கோப்பில் வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். நாம் தட்டியதை விம் ஒப்பிடுவது இந்தப் பட்டியலோடுதான். அரைகுறையாகத் தட்டினாலும் பரவாயில்லை. பொருந்துகிற பெயர்களில் தொடக்கத்திலேயே பொருந்துவதற்கும் நீளம் குறைந்ததற்கும் முன்னுரிமை கொடுத்து ஒன்றைத் திறக்கும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். "மாமா, கண்ட்ரோல்-என் அடிச்சா வார்த்தையை அதுவே முடிச்சுக் கொடுக்குது. ஹெல்ப்ல பார்த்தா ஒரு வரி கீழே போகும்னு போட்டிருக்கே?" என்று கேட்டாள் குன்னூரில் படிக்கும் என் அக்கா மகள். இரண்டும் சரிதான். விசையை மட்டும் கொடுத்தால், விசைகள் கட்டளைகளாக வேலை செய்யும் நார்மல் மோடில் அது செய்யும் வேலையைத்தான் விம் காட்டும். எழுத்துகளைத் தட்டும் இன்சர்ட் மோடு என்றால் முன்னால் ஆங்கில ஐ எழுத்தும் அடிக்கோடும் சேர்க்க வேண்டும். உரையைத் தேர்ந்தெடுக்கும் விஷுவல் மோடுக்கு வி எழுத்தும் அடிக்கோடும். கட்டளைக்கு முன்னால் : போட வேண்டும். செட்டிங் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், விசைகளை மனப்பாடம் செய்வதற்கு முன் இந்தப் பெயர் வைக்கும் முறையைப் படித்துவிடுவது நல்லது.

பக்கத்துக்குள் இரண்டு | குறிகளுக்கு நடுவே இருப்பவை இணைப்புகள். கர்சரை அங்கே வைத்து கண்ட்ரோலையும் ] விசையையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பக்கத்துக்குத் தாவலாம். திரும்பி வர கண்ட்ரோல்-டி (T). பெயரே தெரியாவிட்டால் ஹெல்ப்கிரெப் இருக்கிறது. அது பட்டியலை விட்டுவிட்டு எல்லாக் கோப்புகளையும் வரிவரியாகத் தேடும்.

சொந்தக் குறிப்புகளையும் இதே முறையில் சேர்க்கலாம். விம் அமைப்புகள் இருக்கும் கோப்புறைக்குள் டாக் என்ற கோப்புறை உருவாக்கி, அதில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு வைத்து, தலைப்புகளை * குறிகளுக்கு நடுவே எழுதிவிட்டு, ஹெல்ப்டேக்ஸ் கட்டளையில் அந்தக் கோப்புறையின் பாதையைக் கொடுங்கள். அப்புறம் ஹெல்ப் என்று தட்டினால் மூலெனார் எழுதியதோடு நீங்கள் எழுதியதும் கிடைக்கும்.