வெயில் எட்டாத கடல்கள்

சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவைப்போல் ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு தொலைவில் சனிக்கோள் சுற்றி வருகிறது. நமக்குக் கிடைக்கும் வெயிலில் தொண்ணூறில் ஒரு பங்குதான் அவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறது. அந்தக் கோளின் நிலவுகளுள் ஒன்றான என்செலடஸ், தன்மேல் விழும் அந்தச் சொற்ப ஒளியையும் தூய வெண்பனிப் பரப்பால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதன் மேற்பரப்பு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 200 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கிறது. குறுக்களவோ சுமார் 500 கிலோமீட்டர்தான். 1789-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த இந்தச் சிறு உருண்டையைத்தான், பூமிக்கு வெளியே உயிரைத் தேடுவதற்கு மிகப் பொருத்தமான இடங்களுள் ஒன்றாக இன்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். வெயிலே படாமலும் ஒரு கடல் உறையாமல் இருக்க முடியும் என்று தெரிந்ததே இந்த மனமாற்றத்துக்குக் காரணம்.

அதற்கு முன் கணக்கு எளிமையாக இருந்தது. சூரியனுக்கு மிக அருகில் இருந்தால் நீர் ஆவியாகிவிடும், மிகத் தள்ளி இருந்தால் உறைந்துவிடும். ஆகவே இடைப்பட்ட பட்டையில்தான் உயிர் இருக்கலாம். இந்தக் கணக்குப்படி வெள்ளி தேறவில்லை. அதன் தரை 460 டிகிரி அளவுக்குக் கொதிக்கிறது. செவ்வாயில் 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆறுகளும் ஏரிகளும் இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் காற்று மண்டலத்தின் பெரும்பகுதியை அது இழந்துவிட்டதால், அங்கே நடக்கும் தேடல் பெரும்பாலும் மறைந்துபோன உயிரின் தடயங்களைப் பற்றியது. இப்போதும் ஈரமாக, இப்போதும் இளஞ்சூடாக இருக்கும் இடம் வேண்டுமானால், விந்தையாகத் தோன்றினாலும், இன்னும் குளிர்ந்த பகுதிகளுக்குத்தான் போக வேண்டும்.

அங்கே வெப்பம் எப்படி வருகிறது? ஒரு கம்பியை விரலால் பிடித்து முன்னும் பின்னுமாக விரைவாக வளைத்தால், வளையும் இடம் சுடத் தொடங்கும். அதேபோல் ஒரு நிலவையும் வளைக்கலாம். ஒரு பெருங்கோளின் ஈர்ப்பு, நிலவின் அருகுப் பக்கத்தைச் சற்றுக் கூடுதலாகவும் மறுபக்கத்தைச் சற்றுக் குறைவாகவும் இழுப்பதால், அந்த நிலவு லேசாக நீண்டு முட்டை வடிவம் பெறுகிறது. நம் கடல்களில் ஓதத்தை, அதாவது நீர்மட்டம் ஏறி இறங்குவதை, எழுப்புவதும் இதே விசைதான். நிலவின் பாதை துல்லியமான வட்டமாக இருந்தால் இந்த நீட்சி மாறாமல் நிலைத்துவிடும்; மாறாத நீட்சியால் வெப்பம் உண்டாகாது. பாதை நீள்வட்டமாக இருந்தால், நெருங்கும்போது நீட்சி கூடி, விலகும்போது குறைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பாறையும் பனியும் இப்படிப் பிசையப்படுவதால் உள்ளே உராய்வு ஏற்பட்டு வெப்பம் பிறக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த வெப்பத்துக்கான ஆற்றல் சுற்றுப்பாதையிலிருந்தே எடுக்கப்படுவதால், காலப்போக்கில் பாதை வட்டமாகி, அடுப்பு தானாகவே அணைந்துவிட வேண்டும். அப்படி அணையாமல் காப்பவை உடன் சுற்றும் மற்ற நிலவுகள். டையோனி ஒருமுறை சனியைச் சுற்றுவதற்குள் என்செலடஸ் இருமுறை சுற்றிவிடுகிறது. ஆகவே பாதையின் அதே பகுதியில் திரும்பத் திரும்ப இரண்டும் நெருங்குகின்றன. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளிவிடுவதுபோல, இந்த ஒத்திசைவு நிலவின் பாதையை வட்டமாக விடாமல் பார்த்துக்கொள்கிறது. வியாழனிடம் மூன்று நிலவுகள் இப்படிப் பிணைந்திருக்கின்றன: கேனிமீட் ஒருமுறை சுற்றும் நேரத்தில் யூரோப்பா இருமுறையும் அயோ நான்குமுறையும் சுற்றுகின்றன.

இந்த விளக்கம் கரும்பலகையில் எழுதப்பட்ட கணக்காகவே தொடங்கியது. அயோவின் உட்பகுதி ஓத விசையால் உருகியிருக்க வேண்டும் என்று பீல், கேசன், ரெனால்ட்ஸ் என்னும் மூவர் 1979 மார்ச் தொடக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அதன்பின் ஒரு வாரம் போல் கழிந்திருக்கும். வாயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படமொன்றில் அயோவின் விளிம்பில் எரிமலைப் புகை எழுவதை நாசா பொறியாளர் லிண்டா மொராபிட்டோ கண்டார். கோள் அறிவியலில் ஒரு கணிப்பு இவ்வளவு விரைவாகவும் தெளிவாகவும் மெய்ப்பட்டது அரிது.

அயோவைக் காட்டிலும் வியாழனுக்குத் தள்ளியிருக்கும் யூரோப்பாவில் இந்தப் பிசைதல் மிதமானது. பாறையை உருக்காவிட்டாலும் நீரை உறையவிடாமல் வைக்க அது போதும். அதன் பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பதற்கான வலுவான சான்று படங்களிலிருந்து வந்ததல்ல, காந்தமானியிலிருந்து வந்தது. வியாழனின் காந்தப்புலம் சாய்ந்திருப்பதால், யூரோப்பாவின் இடத்தில் அதன் திசை ஏறத்தாழ 11 மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசலாடுகிறது. மின்சாரம் கடத்தும் பொருள் உள்ளே இருந்தால், இந்த மாற்றம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டி எதிர்ப்புலம் ஒன்றை உருவாக்கும். அத்தகைய எதிர்ப்புலத்தைக் கலிலியோ விண்கலம் பதிவுசெய்தது. பனிக்கட்டி மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, உப்புநீர் கடத்தும். அந்தக் கடலில் இருக்கும் நீர், பூமியின் கடல்கள் அனைத்திலும் உள்ளதைப்போல் இருமடங்கு இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது.

என்செலடஸ் இன்னும் ஒரு படி மேலே போய், தன் கடலைத் தானே வெளியே வீசுகிறது. அதன் தென்முனையில் நான்கு நீண்ட விரிசல்களிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குப் பீய்ச்சியடிப்பதை 2005-இல் காசினி விண்கலம் கண்டறிந்தது. சனியின் வெளிப்புற வளையங்களுள் ஒன்றே இந்தத் துகள்களால் ஆனது. இந்தப் பீச்சல் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நிலவு சனியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும்போது அது பல மடங்கு ஒளிர்கிறது. ஓத விசை விரிசல்களை இழுத்துத் திறப்பதையும் அமுக்கி மூடுவதையும் ஏறக்குறைய நேரிலேயே பார்க்கிறோம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சான்று இதுதான்.

காசினி அந்தப் பீச்சலுக்குள்ளேயே பலமுறை பறந்து அதை முகர்ந்து பார்த்தது. உப்பு இருந்தது, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், அம்மோனியா ஆகியவையும் கரிமச் சேர்மங்களும் இருந்தன. 90 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீர் பாறையோடு வினைபுரியும்போது உருவாகும் வகையிலான நுண்ணிய சிலிகாத் துகள்களும் கிடைத்தன. 2015 அக்டோபரில் வெறும் 49 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபோது ஹைட்ரஜன் வாயுவும் அகப்பட்டது. நம் மரபணுக்களின் முதுகெலும்பில் இடம்பெறும் பாஸ்பேட்டும் அந்தத் துகள்களில் இருப்பது, பழைய தரவுகளை மீண்டும் அலசியதில் 2023-இல் வெளிவந்தது.

இவற்றுள் ஹைட்ரஜன்தான் முக்கியமானது. கடல் இருப்பதால் மட்டும் உயிர் வாழ்ந்துவிடாது. உண்பதற்கு ஏதாவது ஆற்றல் வேண்டும், வெயிலில்லாத இடத்தில் அது வேதியியலிலிருந்துதான் வர வேண்டும். 1977-இல் பசிபிக் கடலடியில் கலபாகோஸ் தீவுகளுக்கு அருகே வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிச் செழித்த உயிர்க்கூட்டம் கண்டறியப்பட்டபோது, சூரியன் இல்லாமலே வாழ முடியும் என்று பலர் முடிவுகட்டினர். அது முழு உண்மையல்ல: அங்குள்ள குழாய்ப் புழுக்களை வாழவைக்கும் பாக்டீரியாக்களுக்குத் தேவையான ஆக்சிஜன், மேலே வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்த உயிர்கள் தந்தது. உண்மையிலேயே வெயிலை நம்பாத உயிர்கள் அளவில் மிகச் சிறியவை. இரும்பு கலந்த பாறைமீது நீர் வினைபுரிந்தால் ஹைட்ரஜன் வெளிப்படுகிறது; அதைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து மீத்தேனாக மாற்றி, அந்த மாற்றத்தில் கிடைக்கும் ஆற்றலில் வாழும் நுண்ணுயிர்கள் பூமியில் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய இரண்டு பொருள்களும் என்செலடஸில் உள்ளன, அவை வெளிவிடும் மீத்தேனும் உள்ளது.

இதை வைத்து அங்கே உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மீத்தேன் உயிரின் துணையில்லாமலும் உருவாகும். ஹைட்ரஜன் அவ்வளவு மிஞ்சிக் கிடப்பதையே இருவிதமாகப் படிக்கலாம்: அங்கே உணவு தாராளமாக இருக்கிறது என்றும் கொள்ளலாம், அதை உண்ண ஆளில்லை என்றும் கொள்ளலாம். இரண்டாவது வாசிப்பை ஆர்வலர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டில் எது சரி என்று தீர்க்க, மூலக்கூறுகளின் பெயர்ப்பட்டியல் மட்டும் போதாது. அவற்றின் விகிதங்களும் வேண்டும். புரதங்களின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்கள் விண்கற்களிலும் இருக்கின்றன. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊருக்கு அருகே விழுந்த கல்லில் அவை எழுபதுக்கும் மேற்பட்ட வகைகளில் கண்டறியப்பட்டன. உயிரற்ற வேதியியல் எளிய வகைகளை மிகுதியாகவும் சிக்கலானவற்றைக் குறைவாகவும், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இடக்கை வடிவையும் வலக்கை வடிவையும் ஏறக்குறையச் சம அளவிலும் உண்டாக்கும். உயிரோ தனக்கு வேண்டிய சிலவற்றை மட்டும், அதுவும் பெரும்பாலும் ஒரே கை வடிவில், செய்து குவிக்கும். 1997-இல் பூமியை விட்டுப் புறப்பட்ட காசினியிடம் இந்த வேறுபாட்டை அளக்கும் கருவிகள் இல்லை; அப்படியொரு பீச்சல் இருப்பதே அப்போது தெரியாது. எரிபொருள் தீரும் நிலையில், அதில் ஒட்டியிருக்கக்கூடிய பூமியின் நுண்ணுயிர்கள் இந்த நிலவுகளை மாசுபடுத்திவிடக் கூடாது என்பதற்காக, 2017 செப்டம்பர் 15 அன்று அது சனியின் காற்று மண்டலத்துக்குள் செலுத்தி அழிக்கப்பட்டது.

2024 அக்டோபரில் ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-இல் வியாழனை அடைந்து, யூரோப்பாவை 49 முறை அருகிலிருந்து கடந்து செல்லவிருக்கிறது. உயிரைத் தேடுவதல்ல, அந்தக் கடல் உயிர் வாழத் தகுந்ததா என்று பார்ப்பதே அதன் பணி. என்செலடஸுக்கு ஒரு கலம் அனுப்பலாம் என்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் வல்லுநர் குழு 2024-இல் பரிந்துரைத்தது. அது தென்முனையில் இறங்கினால் பனியைத் துளையிட வேண்டியிருக்காது. கடலிலிருந்து கிளம்பி மேலே போன துகள்களில் பெரும்பகுதி புதுப்பனியாகத் திரும்ப அங்கேயே விழுந்துகொண்டிருக்கிறது.