காற்று இலவசம், காற்றாலை இலவசமா?

காற்றாலைப் பராமரிப்பில் வேலை செய்கிறேன் என்று சொன்னதும் பலரும் கேட்பது இதைத்தான்: "காற்று சும்மா வீசுது, அப்புறம் கரண்டுக்கு எதுக்குக் காசு?" நியாயமான கேள்விதான். கோபுரம், இறக்கைகள், ஜெனரேட்டர், அடித்தளம், மின்பாதை என்று காற்றாலைக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு முதலிலேயே ஆகிவிடுகிறது. அதன்பின் 20, 25 ஆண்டுகளுக்குப் பராமரிப்புச் செலவு உண்டு, எரிபொருள் செலவு கிடையாது. எங்கோ போர் மூண்டால் எரிவாயு விலை எகிறும், அதோடு யூனிட் விலையும் எகிறும். காற்றாலைக்கு அந்தக் கவலை இல்லை. பத்து வருடம் கழித்து ஒரு யூனிட் என்ன விலைக்கு அடங்கும் என்று இன்றைக்கே ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். என்னைக் கேட்டால், மலிவு என்பதைவிட இதுதான் பெரிய லாபம்.

ஆனால் இந்தக் கணக்கு முழுக்க இடத்தைப் பொறுத்தது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசும் இடத்துக்கும் 7 மீட்டர் வீசும் இடத்துக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 60 சதவீதம் வித்தியாசம். "இங்கே நல்லா காத்தடிக்கும்" என்ற ஊர்ப்பேச்சை நம்பிப் பணம் போடக் கூடாது என்பது இதனால்தான். பொதுவாக வினாடிக்கு 3, 4 மீட்டர் வேகத்தில்தான் உற்பத்தியே தொடங்கும். 25 மீட்டரை ஒட்டிப் போனால் பாதுகாப்புக்காக இயந்திரம் தானே நின்றுவிடும். நிற்கிற காற்றாலையெல்லாம் பழுதானது என்று நினைக்க வேண்டாம்.

பழுது வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். பெரிய இறக்கையின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சுற்றும். அந்த வேகத்தில் மழைத்துளியும் மணலும் மோதிமோதி, காற்றை எதிர்கொள்ளும் விளிம்பில் பெயின்ட் பொரிந்து, உள்ளிருக்கும் நார் தெரிய ஆரம்பிக்கும். கயிற்றில் தொங்கிக்கொண்டு விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உற்பத்தி மட்டும் மெல்லக் குறைந்துகொண்டே வரும்.

சுற்றுச்சூழல் என்றதும் எல்லோரும் கார்பனைத்தான் பேசுகிறார்கள். சரி, அதில் சந்தேகமே இல்லை: 2014இல் வந்த ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு) அறிக்கைப்படி, தயாரிப்பு முதல் அகற்றுவது வரை எல்லாம் சேர்த்து, நிலத்தில் உள்ள காற்றாலை யூனிட்டுக்குச் சுமார் 11 கிராம் கரியமில வாயுவுக்குச் சமமான மாசை வெளியிடுகிறது. நிலக்கரிக்கு அது 820 கிராம். பலர் கவனிக்காதது தண்ணீர். அனல்மின் நிலையங்களில் நீராவியைக் குளிர்விக்கப் பெரும்பாலும் ஏராளமான தண்ணீர் வேண்டும்; காற்றாலைக்கு அந்தத் தேவையே இல்லை. கோபுரத்தின் காலடியையும் பாதையையும் விட்டால், மற்ற நிலத்தில் விவசாயமும் மேய்ச்சலும் வழக்கம்போல் நடக்கும்.

குறை இல்லாமல் இல்லை. பறவைகளும் வௌவால்களும் அடிபடுகின்றன. நார்வேயின் ஸ்மோலா தீவில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பார்த்தபோது பறவை இறப்பு 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. சில காற்றாலைகளில் செய்த சோதனைதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது. கோபுரத்தின் எஃகைத் திரும்ப உருக்கலாம். கண்ணாடி இழையால் ஆன இறக்கைகளை மறுசுழற்சி செய்வதுதான் இன்னும் தலைவலி.

உங்கள் நிலத்தில் காற்றாலை வைக்க யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால், குறைந்தது ஓராண்டுக் காற்று அளவீட்டைக் கேளுங்கள். ஆயுள் முடிந்தபின் கோபுரத்தையும் இறக்கைகளையும் யார் செலவில் அகற்றுவது என்பதையும் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.