3டி ஸ்கேன் செய்தால் கேட் (CAD) மாடல் வந்துவிடுமா?

பழைய உதிரிபாகம் ஒன்றை மேசைமேல் வைத்து, "இதை ஸ்கேன் பண்ணி கேட் ஃபைலாகக் கொடுங்கள், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்பார்கள். கேட் ஃபைல் என்றால் பாகத்தின் வடிவத்தை அளவுகளோடு கணினியில் வரைந்த கோப்பு. அதை வாங்குவது ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி என்று நினைப்பு. ஸ்கேன் அரை மணி நேரத்தில் முடியும்தான். அதன் பிறகு இரண்டு நாள் வேலை இருக்கிறது.

ஸ்கேனர் தருவது லட்சக்கணக்கான புள்ளிகள். அவற்றை இணைத்தால் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆன மெஷ் கிடைக்கும். திரையில் பார்க்க அச்சு அசலாக இருக்கும். ஆனால் அதில் 'துளை' என்று ஒன்று இல்லை, வட்டம்போல் சுற்றி நிற்கும் முக்கோணங்கள்தான் உண்டு. விட்டத்தை ஒரு மில்லிமீட்டர் கூட்டு என்றால் அதற்குப் புரியாது. எது தளம், எது உருளை, எது எதற்குச் செங்குத்து என்று பார்த்துப் பார்த்து மெஷ்மேல் புதிதாக வரைந்தால்தான் மாற்றக்கூடிய மாடல். அதைத்தான் ஸ்டெப் (STEP) கோப்பாக, அதாவது பெரும்பாலான கேட் மென்பொருள்களில் திறக்கும் கோப்பாகத் தருகிறோம்.

இன்னொன்று, ஸ்கேனர் தன் முன்னால் இருக்கும் பொருளைத்தான் பார்க்கும். வடிவமைத்தவர் மனதில் என்ன இருந்தது என்பது அதற்குத் தெரியாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் தேய்ந்த பேரிங் ஹவுசிங் (பேரிங் உட்காரும் கூடு) ஒன்று வந்தது. ஸ்கேனில் துளை 52.14 மி.மீ. என்று காட்டியது, அப்படியே மாடலில் போட்டேன். புதிதாகக் கடைந்து வந்த ஹவுசிங்கில் பேரிங் தளர்ந்து, வெளிவளையமே சேர்ந்து சுற்றியது. பல வருடத் தேய்மானத்தைப் புதுப் பாகத்தில் பத்திரமாக நகல் எடுத்திருந்தேன்! பேரிங்மேல் 6205 என்று பொறித்திருந்தது. அந்த எண்ணுக்கு உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15. விடை கையிலேயே இருந்திருக்கிறது.

52 மி.மீ. துளைக்கு எச்7 (H7) என்ற துல்லிய வகுப்பு என்றால் அனுமதிக்கப்படும் அளவு வித்தியாசம் வெறும் 30 மைக்ரான், அதாவது 0.03 மி.மீ. என் கையடக்க ஸ்கேனரின் பிழையே கிட்டத்தட்ட அந்த அளவு. ஆகவே பொருத்தம் முக்கியமான இடங்களை இப்போதும் மைக்ரோமீட்டரிலும், துளையின் உள்விட்டம் அளக்கும் போர் கேஜிலும்தான் அளக்கிறேன். மரையின் இடைவெளிக்கு, பல் வைத்துப் பார்க்கும் பிட்ச் கேஜ் போதும், ஸ்கேன் வீண். வளைந்து நெளிந்த வெளிப்பரப்பு, பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்தின் இதழ் போன்றவற்றில்தான் ஸ்கேனருக்கு ஈடில்லை. அவற்றை வெர்னியரால் அளக்க முயன்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆழமான துளையின் உள்ளே ஒளி எட்டாது, கேமராவும் பார்க்காது. அந்த இடம் மெஷ்ஷில் ஓட்டையாக நிற்கும். மென்பொருளின் 'நிரப்பு' பட்டனை அழுத்தினால் மூடிவிடும், ஆனால் அது மென்பொருளின் ஊகம், அளவு அல்ல. ஊகித்த இடம் எது என்று உங்களுக்கு வேலை செய்து தருபவரிடம் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் யோசியுங்கள்.

மெஷ்ஷை மட்டும் எஸ்டிஎல் (STL) கோப்பாக வாங்கினால் மில்லிமீட்டரா அங்குலமா என்றும் கேட்டு எழுதிவையுங்கள். அந்தக் கோப்புக்குள் அலகு பதிவாவதில்லை. மாறிப்போனால் பாகம் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்து நிற்கும்.

அப்புறம், பாகத்தை மட்டும் கொண்டுவராமல் அது போய் உட்காரும் எதிர்ப்பாகத்தையும் கொண்டுவாருங்கள். தேயாத இன்னொன்று இருந்தால் அதையும். எண்ணெய் அழுக்கைத் துடைத்தால் போதும், பாலிஷ் போட்டுப் பளபளவென்று கொண்டுவர வேண்டாம். பளபளப்பில் லேசர் கண்ணாடியில் பட்டதுபோல் வேறு திசையில் எதிரொளித்துவிடும். நான் அதன்மேல் வெள்ளை ஸ்பிரே அடித்து மங்கலாக்கித்தான் ஸ்கேன் செய்யப்போகிறேன்.