காலியாகத் தெரிந்த நெல் தொட்டி

பிசான அறுவடை முடிந்து நெல் வரத்து உச்சத்தில் இருந்த ஒரு மாசி மாதம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையிலிருந்து போன்.

"சார், மணி பதினொன்னே முக்கா ஆச்சுன்னா நாலு தொட்டியும் காலின்னு காட்டுது. ஏறிப் பாத்தா நெல்லு விளிம்பு வரைக்கும் கெடக்கு. ஒருநடை வந்து பாத்துட்டுப் போயிருங்க."

பேசியவர் அங்கே இயந்திரம் பார்க்கிறவர். அன்றைக்குத் திரையை நம்பி, நெல்லை மேலேற்றும் எலிவேட்டரை ஓடவிட்டு, ஏழெட்டு மூட்டை நெல் தரையில் கொட்டிப்போனது. அந்தத் திரையை எழுதியவன் நான்தான்.

பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு எடைமேடை, அரிசி ஆலை, லேத் பட்டறை என்று சின்னச் சின்ன இடங்களுக்கு மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. எல்லாத் திரையிலும் ஏதாவது ஒரு கட்டமோ வட்டமோ இருக்கும். அதற்குள் வண்ணம் ஏறும், இறங்கும். எளிய வேலை என்று புதிதாக வருகிற பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் கொடுப்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆலைக்குப் போனபோது கரண்ட் ஏற்ற இறக்கம், உமித் தூசி, வெயில் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மானிட்டரைக்கூட மாற்றிப் பார்த்திருந்தார்கள். "கம்ப்யூட்டருக்கும் மத்தியானத் தூக்கம் வருதோ தம்பி?" என்றார் முதலாளி அண்ணாச்சி. இயந்திரம் பார்க்கிறவர்தான் உருப்படியான தகவலைச் சொன்னார்: "ஒருதடவை அணைச்சுப் போட்டா சரியாயிருது சார்." அப்படித்தான் இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறார்கள். அணைத்துப் போட்டால் சரியாகிற கோளாறு என்றால் எங்கோ எதுவோ சேர்ந்துகொண்டே போகிறது என்று பொருள்.

விண்டோஸில் ஒரு வடிவத்துக்குள் வண்ணம் நிரப்ப பிரஷ் வேண்டும். கிரியேட்சாலிட்பிரஷ் என்று கேட்டால், படம் வரையும் பகுதியான ஜிடிஐ ஒரு பிரஷைச் செய்து, அதைக் குறிக்கும் அடையாள எண்ணான ஹேண்டிலைத் தரும். செலக்ட்ஆப்ஜெக்ட் மூலம் அதை மாட்டிக்கொண்டு, கட்டம் வரையும் ரெக்டாங்கிளைக் கூப்பிட்டால் உள்ளே வண்ணம், ஓரத்தில் கோடு. வேலை முடிந்ததும் பழைய பிரஷைத் திரும்ப மாட்டிவிட்டு, நாம் வாங்கியதை டெலீட்ஆப்ஜெக்ட் மூலம் ஒப்படைக்க வேண்டும். கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பது மாதிரிதான். பந்தி முடிந்தால் அண்டா கடைக்குத் திரும்ப வேண்டும். நான் அண்டாக்களை வாங்கி வாங்கிக் கொல்லையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். டெலீட்ஆப்ஜெக்ட் என்ற வரியே என் நிரலில் இல்லை.

ஒரு நிரல் ஒரே நேரத்தில் பிரஷ் போன்ற ஜிடிஐ பொருள்கள் எத்தனை வைத்திருக்கலாம் என்பதற்கு விண்டோஸில் வரம்பு உண்டு, வழக்கமாக 10,000. ஆலையில் நான்கு தொட்டி. நான்கு நொடிக்கு ஒருமுறை நான்கையும் வரைகிறேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய பிரஷ். ஆக நொடிக்கு ஒன்று. பத்தாயிரம் நொடி என்பது 2 மணி 46 நிமிடம். காலை ஒன்பதுக்குப் போட்டால் பதினொன்றே முக்கால். கணக்கு கச்சிதமாக வந்தபோது சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. நிரல் மூடினால் அதன் பொருள்களையெல்லாம் விண்டோஸே பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் அணைத்துப் போட்டால் சரியானது. என் மேசையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தவனுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

சரி, வரம்பு தாண்டினால் நிரல் நின்றுபோக வேண்டியதுதானே, ஏன் தொட்டி காலியாகத் தெரிந்தது? இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். வரம்பு முட்டியதும் கிரியேட்சாலிட்பிரஷ் சத்தம் போடாது. வெறும் சுழியைத் திருப்பித் தரும். அந்தச் சுழியை மாட்டப் பார்த்தால் மாட்டாது. ஏற்கெனவே இருந்த பிரஷே நீடிக்கும். ஆரம்பத்தில் இருப்பது வெள்ளை பிரஷ். ஆகவே கட்டம் ஒழுங்காக வரும், கறுப்புக் கோடு வரும், உள்ளே வெள்ளை நிரம்பும். என் திரையில் வெள்ளை என்றால் காலி. நிரல் செத்திருந்தால் அந்த மனிதர் ஏணியில் ஏறிப் பார்த்திருப்பார். அது உயிரோடு இருந்துகொண்டு பொய் சொன்னது.

சரிசெய்ய ஆன நேரம் கால் மணி. விண்டோஸ் 2000 முதலே டிசி பிரஷ் என்று ஒன்று தயாராக இருக்கிறது. செட்டிசிபிரஷ்கலர் மூலம் வண்ணத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம், வாங்கவும் வேண்டாம், ஒப்படைக்கவும் வேண்டாம். அதற்கு மாறினேன். கூடவே, காலித் தொட்டிக்கு வெள்ளையை விட்டுவிட்டு வெளிர் மஞ்சள் வைத்தேன். இப்போது வெள்ளை தெரிந்தால் அது கோளாறு, வேறெதுவும் இல்லை.

நீங்கள் எழுதியதையும் சோதிக்க ஒரு வழி: டாஸ்க் மேனேஜரில் விவரங்கள் பக்கத்துக்குப் போய், தலைப்பில் வலது சொடுக்கி ஜிடிஐ பொருள்கள் என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரலை ஓடவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். எண் நின்ற இடத்தில் நின்றால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் கொல்லையில் அண்டா சேருகிறது. லினக்ஸ்காரர்களும் தப்பவில்லை, அங்கே திரையில் வரையும் எக்ஸ் விண்டோவில் வாங்க எக்ஸ்கிரியேட்ஜிசி, ஒப்படைக்க எக்ஸ்ஃப்ரீஜிசி உண்டு, ஒப்படைக்க மறந்தால் வீங்குவது வரைகிற வேலையைச் செய்யும் எக்ஸ் சர்வர்.

இன்னொரு தகராறு விளிம்பில் வரும். ஊர்க்காரர்களுக்கு வரப்புத் தகராறு என்றால் உடனே புரியும். கால்வாய்ப் பாசனத்தில் பக்கத்துப் பக்கத்து வயல், நடுவில் ஒரு வரப்பு, அது யாருடையது? விண்டோஸின் தீர்ப்பு தெளிவு: இடது ஓரமும் மேல் ஓரமும் உன்னுடையது, வலதும் கீழும் அடுத்தவனுடையது. கட்டத்தை நிரப்பும் ஃபில்ரெக்ட்டுக்கு 0 முதல் 100 என்று கொடுத்தால் 0 முதல் 99 வரைதான் நிரம்பும். அடுத்த கட்டம் 100-இல் தொடங்கினால் இரண்டும் ஒட்டி நிற்கும். இது தெரியாமல், பயிற்சிக்கு வந்த ஒரு மாணவர் கவனமாக 0–99, 100–199 என்று எழுத, நடுவே ஒரு பிக்சல் தரிசாகக் கிடந்தது. கோடே வேண்டாமென்று, எதுவும் வரையாத வெற்றுப் பேனாவை (NULL pen) மாட்டிக்கொண்டு ரெக்டாங்கிளைக் கூப்பிட்டால் உயரத்திலும் அகலத்திலும் மேலும் ஒரு பிக்சல் குறையும். எக்ஸ் விண்டோவில் தீர்ப்பு வேறு: எக்ஸ்ஃபில்ரெக்டாங்கிள் 100-க்கு 50 என்றால் அப்படியே 100-க்கு 50 நிரப்பும், அதே எண்களை எக்ஸ்டிராரெக்டாங்கிளுக்குக் கொடுத்தால் கோடு பிடிக்கும் இடம் 101-க்கு 51. கோட்டை முதலில் போட்டு நிரப்புவதைப் பிறகு செய்தால் இடதும் மேலும் கோடு மறைந்து வலதும் கீழும் மட்டும் மிஞ்சும்.

எது உள்ளே, எது வெளியே என்பதும் பார்க்கிற அளவுக்கு நேரானதில்லை. மார்கழியில் வாசலில் கையெடுக்காமல் ஐந்துமுனை நட்சத்திரம் இழுத்துவிட்டு, நடுவில் விழும் ஐங்கோணத்துக்குக் கலர்ப்பொடி போடுவதா வேண்டாமா என்று அக்கா மகள் கேட்பாள். பலகோணம் வரையும் பாலிகன் செயல்பாடும் அதையேதான் கேட்கிறது. ஒரு புள்ளியிலிருந்து வெளியே ஒரு கோடு இழுத்து எத்தனை விளிம்பைத் தாண்டுகிறது என்று எண்ணுவது ஒரு முறை: ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. நட்சத்திரத்தின் நடுவிலிருந்து இரண்டு விளிம்பு, ஆகவே நடு ஓட்டை. வளைந்து வரும் திசையையும் சேர்த்துக் கூட்டுவது மற்ற முறை. அதில் நடுவும் நிரம்பும். விண்டோஸும் எக்ஸும் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் முதல் முறையை எடுத்துக்கொள்ளும், பிரவுசரில் படம் வரையும் கேன்வாஸ் இரண்டாவதை. ஒரே நட்சத்திரம் ஓரிடத்தில் ஓட்டையாகவும் இன்னோரிடத்தில் முழுசாகவும் வந்தால் எண்களைத் திருத்தி நேரத்தை வீணாக்காதீர்கள். விண்டோஸில் முறையை மாற்ற செட்பாலிஃபில்மோட் ஒரு வரிதான்.

வட்டத் துண்டுக்கு எக்ஸ்ஃபில்ஆர்க் கேட்பது டிகிரியின் 64-இல் ஒரு பங்கு. முழு வட்டம் 23,040. 360 என்று கொடுத்தால் ஆறு டிகிரிகூடத் தேறாத ஒரு கீற்று வரும்.

வண்ணத்திலும் ஒரு பொறி. வலைப்பக்கத்தில் சிவப்பு எழுதும் பழக்கத்தில் 0xFF0000 என்று விண்டோஸுக்குக் கொடுத்தால் நீலம் வரும். அங்கே கடைசி இரண்டு இலக்கம்தான் சிவப்பு. ஒரு ட்ரையருக்குச் சூடு மிஞ்சினால் காட்டும் எச்சரிக்கைப் பெட்டி சோதனையின்போது குளுகுளுவென்று நீலமாக வந்தது எனக்கு நடந்ததுதான். சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாகக் கொடுத்தால் எண்ணைச் சரியாக அமைத்துத் தரும் ஆர்ஜிபி மேக்ரோவை விட்டு அதன்பிறகு நகர்ந்ததில்லை.

சிவப்பே சரியாக வந்தாலும் எல்லோருக்கும் அது சிவப்பில்லை. அதே ஆலையில் இரவு வேலைக்கு வருகிறவர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ரெண்டும் ஒரே மாதிரில்லா இருக்கு சார், இதுல எது பச்சை?" சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாத கண் பிறவியிலேயே சிலருக்கு வரும், ஆண்களுக்கே அதிகம். வேலை போய்விடுமோ என்று வெளியே சொல்வதில்லை. கிரியேட்ஹேட்ச்பிரஷ் ஆறு வகைக் கோட்டு நிரப்பல் தருகிறது. நிறைந்த தொட்டிக்குக் குறுக்குச் சாய்கோடு போட்டுக் கொடுத்தேன். ஹேட்ச் பிரஷை நாமே வாங்கி ஒப்படைக்க வேண்டும் என்பதால், நிரல் தொடங்கும்போது ஒரே ஒருமுறை வாங்கி, மூடும்போது திருப்பித் தருகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

இயந்திரம் பார்க்கிறவருக்கும் டாஸ்க் மேனேஜர் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாயிற்று. தினமும் பதினொன்றே முக்காலுக்கு அந்த எண்ணைச் சாக்பீஸால் மின்பலகைக் கதவில் எழுதி வைக்கிறார். போன முறை நான் போனபோது கதவு முழுக்க 41, 41, 41.